கலப்பையைக் கீழே வைக்கச் சொல்கிறார்கள்

(தேனி மாவட்டத்தில் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் கூடிய கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'உழவில்லா வேளாண்மையும் மண்வளமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கவிதை எழுதுகிறவன், வங்கியில் எழுத்தராக இருக்கிறவன், இவனுக்கு எதுக்கு இந்த வேலை என்று யாராவது நினைக்கலாம். மண்ணில் வேலை செய்தது நாம். மண்ணைப் பற்றிப் பேசியது மட்டும் இன்னொருத்தர். நூலில் எழுதியவரும் அவர், மேடையில் பேசியவரும் அவர், பட்டா வைத்திருந்தவரும் அவர். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் குலைத்துப் பார்ப்போம் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

இன்றைக்கு எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: உழாதே, கொத்தாதே, மண்ணைப் புரட்டாதே. இயற்கை வேளாண்மைக்காரர்கள் சொல்கிறார்கள். பல்கலைக்கழகம் சொல்கிறது. களைக்கொல்லி விற்கிற கம்பெனியும் சொல்கிறது. இத்தனை பேர் ஒன்றாக ஒன்றைச் சொன்னால் நாம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். சொல்வது உண்மையா? உண்மை என்றால் அதில் நமக்கு என்ன இருக்கிறது?

முதல் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் உண்மைதான்.

நல்ல காட்டு மண்ணை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். மாவு மாதிரி இருக்காது. சின்னச் சின்ன உருண்டையாக, பொலபொலவென்று இருக்கும். அந்த உருண்டையைக் கட்டி வைத்திருப்பது பூஞ்சை இழைகளும், வேர் கசிய விடுகிற பசையும், மண்புழு போடுகிற எச்சமும். உருண்டைகளுக்கு நடுவில் இருக்கிற சந்துகளில்தான் காற்றும் தண்ணீரும் நிற்கின்றன. கலப்பையோ மண்வெட்டியோ அடிக்கடி இறங்கினால் அந்த உருண்டை உடைகிறது, பூஞ்சை இழை அறுந்துபோகிறது. உள்ளே பத்திரமாக இருந்த மக்கு காற்றுப் பட்டு வேகமாகக் கரைந்து கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. குளிர் நாட்டில் இது மெதுவாக நடக்கும். நம்மைப் போன்ற வெயில் நாட்டில் வேகமாக நடக்கும்.

குறளில் உழவுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. மண்ணை நன்றாக உழுது புழுதியாகக் காயவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்ற கருத்து அதில் வருகிறது. அதுவும் பொய்யில்லை. உழுது காயவிட்டால் மக்கு கரைந்து பயிருக்குச் சத்து உடனே கிடைக்கும். ஆனால் அது வட்டியில் சாப்பிடுவது இல்லை, முதலை எடுத்துச் சாப்பிடுவது. வங்கியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது சட்டென்று புரியும். முதல் கரைகிற வரைக்கும் வீட்டில் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள்.

இதை நம்ம மலைக்குக் கொண்டு வந்து பார்ப்போம். போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி இறங்கிக் கொண்டிருக்கிறவர்கள் நீங்கள். உங்களுக்கு ஏலச்செடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எழுத்தில் பதிவாகட்டும். ஏலம் காட்டு நிழலில் சருகுக்கு நடுவில் தானாக வளர்ந்த செடி. அதன் வேர் ஆழம் போகாது. சத்தெடுக்கிற வேரெல்லாம் மேல் மண்ணிலேயே, சருகுக்குக் கீழே பரவிக் கிடக்கும். காய் பிடிக்கிற சரமும் செடியின் அடியிலிருந்துதான் கிளம்புகிறது. அந்த இடத்தில் மண்வெட்டி போட்டால் வேரையும் வெட்டுகிறோம், வருகிற காயையும் வெட்டுகிறோம். அதனால் தூரைச் சுற்றிக் கையால் களை பறித்து, நடுவில் இருப்பதை அரிவாளால் அறுத்து அங்கேயே போட்டு, நிழல்மரத்துச் சருகை மேலே மூடுவதுதான் சரியான வேலை.

மிளகும் அப்படித்தான். கொடி திடீரென்று வாடிச் சாகிற நோய் மழைக்காலத்தில் வரும். மண்ணில் இருக்கிற பைட்டோப்தோரா என்கிற கிருமி செய்கிற வேலை. வேரில் காயம் பட்டால் அந்தக் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. வெறும் மண்ணில் மழை அடித்துச் சேறு தெறித்தாலும் கீழ் இலைக்கு ஏறும். அதனால் மழைக்காலத்தில் கொடியடியில் கொத்தாமல், களையை அறுத்து மட்டும் விட்டு, தரையை மூடி வைப்பது நல்லது.

ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. மஞ்சளும் இஞ்சியும் மண்ணுக்குள் விளைகின்றன. ஈரோட்டுப் பக்கம் மஞ்சளை மண்ணைக் கிளறாமல் எப்படி வெளியே எடுப்பது? அங்கே செய்யக்கூடியது, கிளறுகிற தடவையைக் குறைப்பது, பாத்தியைத் தழையால் மூடுவது, அடுத்த வருசம் வேறு பயிர் மாற்றுவது. 'உழவே கூடாது' என்று எந்தப் பயிருக்கும் ஒரே சூத்திரம் சொல்கிறவர், மஞ்சள் வெட்டிய கையைப் பார்த்திருக்க மாட்டார்.

சரிவு நிலத்தில் இன்னொன்று இருக்கிறது. மூடாத மண்ணில் மழைத்துளி அடிக்கும்போது மேல்மண் இறுகி, தண்ணீர் உள்ளே போகாமல் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். ஓர் அங்குல மேல்மண் சேர நூற்றுக்கணக்கான வருசம் ஆகும். போவதற்கு நாலு மழை போதும். தோட்டக்காரருக்கு அது விளைச்சல் நட்டம். நமக்கு? 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். அது தேயிலைத் தோட்டம். பெருமழையில் நடந்தது, கொத்தியதால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் கயத்தாறுப் பக்கமிருந்து தலைமுறைக்கு முன்னால் போன நம்ம சனங்கள். மலையில் மண் நகரும்போது அதன் வழியில் முதலில் இருப்பது யாருடைய வீடு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மண்வளம் பணக்கார விவசாயியின் பிரச்சினை, நமக்குக் கூலி மட்டும்தான் பிரச்சினை என்று நினைப்பது அதனால்தான் தப்பு.

இனி இரண்டாவது கேள்வி. இதில் நமக்கு என்ன இருக்கிறது?

கலப்பை மண்ணைக் காயப்படுத்துகிறது என்பதை இந்த நாட்டில் ரொம்பப் பழைய காலத்திலேயே ஒருவர் சொல்லிவிட்டார். மனு. மனுதர்மம் பத்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இரும்பு முனை வைத்த மரம் பூமியையும் பூமியில் இருக்கிற உயிர்களையும் கொல்கிறது, அதனால் பார்ப்பனனும் சத்திரியனும் உழவுத் தொழிலைத் தவிர்க்க வேண்டும் என்ற பொருளில் விதி போட்டிருக்கிறார். கவனியுங்கள். பூமி புண்படும், ஆகவே யாரும் உழாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. நெல் வேண்டாம், மிளகு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சோறு வேண்டும். பாவம் மட்டும் வேண்டாம். பாவத்தைச் செய்ய ஒரு கூட்டம், சோற்றைத் தின்ன ஒரு கூட்டம். மண்ணைக் கீறியவன் கீழானவன் ஆனான். கீற வைத்தவன் மேலேயே இருந்தான்.

அதனால், 'மண்ணைக் காயப்படுத்தாதே' என்கிற அறிவுரை நம் காதில் விழும்போது அது வெறும் அறிவியலாக மட்டும் விழுவதில்லை. ரெண்டாயிரம் வருசம் கலப்பையை நம் தோளில் வைத்துவிட்டு, இப்போது கலப்பை வைத்ததே தப்பு என்றால், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? உழச் சொன்னவன் யார், உழுதவன் யார் என்று பிரித்துப் பேசாத சூழலியல் மனுவுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். நம்ம பாட்டன் உழுதது அவன் விருப்பத்துக்கு இல்லை. பண்ணையில் உழவில்லை என்றால் அவனுக்குக் கஞ்சியில்லை.

இன்னொரு சொல்லையும் பாருங்கள். மக்கு. மட்கிய இலை, சாணி, செத்த புழு, இதெல்லாம் சேர்ந்ததுதான் மக்கு. அது இல்லாமல் மண்ணுக்கு உயிர் இல்லை என்று அறிவியல் சொல்கிறது. நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லித் திட்டினார்கள்? மக்கு. அழுகியதைத் தொடுகிறவன் தீட்டு, செத்ததைத் தூக்குகிறவன் தீட்டு என்று ஒரு சமூகம் தள்ளி வைத்தது. அழுகல் இல்லாமல் விளைச்சல் இல்லை என்று மண் சொல்கிறது. தீட்டுக் கோட்பாட்டுக்கு மண்ணில் இடமே இல்லை, தோழர்களே.

இயற்கை வேளாண்மை இயக்கத்தாரோடும் நமக்குக் கொஞ்சம் பேச்சு இருக்கிறது. ஜப்பானில் ஃபுகுவோகா உழாமல் பயிர் செய்து காட்டினார். 1975-ல் வந்த அவருடைய புத்தகம் தமிழிலும் பலரால் படிக்கப்பட்டது. நம்மாழ்வார் 2013-ல் சாகிற வரைக்கும் ஊர் ஊராகப் போய் மண்ணைப் பற்றிப் பேசினார். இவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் ஃபுகுவோகா, அரசு வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் போனபோது அப்பாவின் நிலம் இருந்தது. தப்பாக ஒரு பழத்தோட்டத்தைக் கெடுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள அவருக்கு இடம் இருந்தது. நமக்கு? 'பழைய கிராமத்துக்குத் திரும்புவோம்' என்று கூப்பிடுகிறார்கள். எந்தக் கிராமத்துக்கு? ஊருக்கா, சேரிக்கா? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்குப் பதில் சொன்னார். அந்தப் பதில் இன்னும் காலாவதியாகவில்லை.

அடுத்து கம்பெனி சொல்கிற உழவில்லா வேளாண்மை. 1930-களில் அமெரிக்காவில் உழுது உழுது சமவெளி மண்ணெல்லாம் புழுதிப் புயலாகப் பறந்தது. 1943-ல் ஃபாக்னர் என்பவர் உழவு ஒரு மடமை என்று புத்தகமே போட்டார். சரி, உழவில்லை என்றால் களையை என்ன செய்வது? அங்கேதான் கம்பெனி வந்தது. 1960-களில் பாராகுவாட், 1974-ல் மான்சாண்டோவின் கிளைபோசேட். கலப்பை போன இடத்தில் விசைத்தெளிப்பான் வந்தது. மண் தப்பித்தது என்று கணக்குக் காட்டினார்கள். தெளித்தவன் தப்பித்தானா என்று கணக்கில் இல்லை.

நம்ம பக்கம் விஷத்துக்கு மருந்து என்று பேர். 'மருந்தடிக்கப் போறேன்' என்கிறோம். யாருக்கு மருந்து? பாராகுவாட் வயிற்றுக்குள் போனால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. 1980-களின் கடைசியில் இடுக்கியில் ஞள்ளானி ரக ஏலம் பரவியது. ஒரு விவசாயியே தேர்ந்தெடுத்த ரகம், அள்ளிக் கொடுத்தது. கூடவே நிழல்மரம் கழிக்கப்பட்டது, வெயில் உள்ளே வந்தது, உரமும் விஷமும் ஏறின. நிழல் போனால் சருகு போகும். சருகு போனால் மக்கு போகும். அப்புறம் கொத்தாமல் இருந்து மட்டும் என்ன பிரயோசனம்? மிளகுக்கும் ஏலத்துக்கும் அடிக்கிற போர்டோக் கலவையில் இருக்கிற தாமிரம்கூட மண்ணைவிட்டுப் போவதில்லை. வருசா வருசம் சேர்ந்துகொண்டே போனால் மண்புழுவுக்கு ஆகாது.

கேரளம் 2019-ல் கிளைபோசேட்டைத் தடை செய்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசும், பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் தவிர வேறு யாரும் அதைத் தெளிக்கக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. காகிதத்தில் இருக்கிறது. தோட்டத்தில் கையுறையும் முகமூடியும் இல்லாமல் முதுகில் டேங்க் மாட்டி நிற்கிறவர் யார் என்று இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் டீக்கடையில் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, கொத்து வேணாம், வெட்டு வேணாம்னு நீயும் பேசிட்டுப் போயிருவ. கொத்து வேலை இல்லைன்னா எனக்கு ஜீப்பில எடம் இருக்குமா?"

இதுதான் இந்தத் தலைப்பிலேயே பெரிய கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன். கொத்து நின்றால் கொத்துவதற்கான கூலி நாள் குறையும். ஆனால் களையை அறுத்துப் போடுவது, சருகு மூடுவது, காய்ந்த தட்டை கழிப்பது, தொழு உரம் வைப்பது, சரிவில் மண் தடுப்புக் கட்டுவது, இதெல்லாம் கூடும். இவை எல்லாம் ஆள் வேலை. களைக்கொல்லிதான் ஆளே வேண்டாம் என்கிறது. பத்துப் பெண்கள் பறிக்கிற களையை ஒரே ஆள் தெளித்து முடிக்கிறார். ஆகவே அக்காவுடைய ஜீப்பு இடத்தைப் பறிப்பது மண்வளம் இல்லை, டேங்க். நாம் கேட்க வேண்டியது, மூடாக்குப் போடுவதும் கையால் களை எடுப்பதும் 'பொம்பள வேலை' என்று குறைகூலிக் கணக்கில் போகக் கூடாது என்பதை. நாள் பூராவும் குனிந்து தூரடியில் வேரைக் காயப்படுத்தாமல் களை பறிப்பது கைத்திறன். அதற்குத் திறனுள்ள வேலைக்கான கூலி வேண்டும்.

கடைசியாக, எனக்குத் தொழில் ரீதியாகத் தெரிந்த ஒன்று. மண்ணுக்குப் பொறுமை வேண்டும். இன்றைக்குக் கொத்துவதை நிறுத்தி மூடாக்குப் போட்டால் நாளைக்கே மண் திரும்பாது. வருசங்கள் ஆகும். மிளகுக்கொடி வைத்தால் காய்க்கவே மூன்று வருசம். பொறுமை என்பது குணம் இல்லைங்க, அது ஒரு சொத்து. நிலம் தன் பேரில் இருக்கிறவனுக்குத்தான் அது கிடைக்கும். ஒரு வருசக் குத்தகைக்கு எடுத்தவன் எதற்கு அடுத்தவன் மண்ணுக்கு மக்கு சேர்க்கப் போகிறான்? அவன் முதலைக் கரைத்துத்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் குத்தகைப் பணம் கட்ட முடியாது. மண்ணைக் கெடுப்பவன் என்று அவனைக் குற்றம் சொல்வது சுலபம்.

பயிர்க்கடனுக்கு வந்தால் பட்டா, சிட்டா, அடங்கல் கேட்கிறோம். 1998-ல் வந்த கிசான் கடன் அட்டைத் திட்டத்தின் இன்றைய விதிகளில் வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் இடம் உண்டு. ஆனால் நிலக்காரர் ஒரு துண்டுச் சீட்டுக்கூட எழுதித் தர மாட்டார். எழுதிக் கொடுத்தால் உரிமை வந்துவிடும் என்கிற பயம். அப்புறம் அந்த மனுசன் அதே கவுண்டரில் பெண்டாட்டியின் கம்மலை வைத்துக் கடன் வாங்குகிறான். விதியில் இருக்கிறது, வாழ்க்கையில் இல்லை.

நிலம் ஏன் நம் பேரில் இல்லை? 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார். 1892-ல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. முதல் பத்து வருசம் விற்கவே கூடாது, அதற்கு மேல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலமெல்லாம் இப்போது யார் கையில்? 1994-ல் காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அது சமவெளியில்.

மலையில் வேறு கதை. தமிழ்நாட்டின் 1961 நில உச்சவரம்புச் சட்டமும் சரி, கேரளத்தின் 1963 நிலச் சீர்திருத்தச் சட்டமும் சரி, தோட்டப் பயிர்களுக்கு விலக்குக் கொடுத்தன. இரண்டிலும் அந்த வரிசையில் ஏலம் இருக்கிறது. உச்சவரம்பு நெல்வயலுக்கு உண்டு, ஏலக்காட்டுக்கு இல்லை. கேரளத்தில் குத்தகைக்காரன் நிலச் சொந்தக்காரன் ஆனான். அந்த நிலத்தில் கூலி வேலை செய்த புலையனுக்கும் பறையனுக்கும் குடிகிடப்பு என்று கிராமத்தில் பத்து சென்ட். பத்து சென்டில் வீடு கட்டலாம், செத்தால் அங்கேயே புதைக்கலாம். மூடாக்குப் போட்டு மண்ணை வளர்க்க முடியாது.

அதனால் மண்வளம் என்று யார் பேசினாலும் நாம் நிலவுரிமை என்று சேர்த்துப் பேசுவோம். மீட்கப்படுகிற பஞ்சமி நிலத்தில் முதல் மூன்று வருசத்துக்கு வட்டியில்லாக் கடன் வேண்டும். ஒப்படை நிலத்தில் உழவு ஓட்டாமல் மூடாக்குப் போட்டு வைத்திருந்தால் அதைச் சாகுபடியாகப் பதிய வேண்டும், தரிசு என்று எழுதித் திரும்ப எடுக்கக் கூடாது. குத்தகை என்றால் ஐந்து வருசத்துக்குக் குறையாமல் எழுத்தில் வேண்டும். தோட்டத்தில் களைக்கொல்லி கூடாது. எந்த விஷத்தைத் தெளிக்கச் சொன்னாலும் அதன் பெயரைத் தமிழில் எழுதித் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும். மறுக்கிறவருக்கு அன்றைய கூலி போகக் கூடாது.

கலப்பையைக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாம், மண்ணுக்கு நல்லது. ஆனால் வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்க முடியாது. இந்தக் கையில் பட்டா வர வேண்டும்.

ஜெய்பீம்.